புதுப்பிப்பு: இரண்டாவது முறையும் வருமா?

முதல் பிரசவத்தில் ப்ரீ-எக்ளாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறி உடல் உறுப்புகளையும் பாதிக்கும் கோளாறு) வந்து 33 வாரத்திலேயே குழந்தையை எடுக்க வேண்டியதாயிற்று, அடுத்த முறையும் வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது 20 வாரம். டாக்டரிடம் விரிவாகப் பேசிவிட்டு எழுதுகிறேன்.

பொதுவாக ஆறு பேரில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. என்னைப்போல 34 வாரத்துக்கு முன்பே பிரசவமானவர்களில் மூன்று பேரில் ஒருவருக்கு. கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் இரண்டு பேருக்கு வருவதில்லையே! வந்தாலும் பெரும்பாலும் முன்பைவிடத் தாமதமாக, லேசாகத்தான்.

இதைத் தடுக்க 12 வாரத்திலிருந்து தினமும் இரவு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடுகிறேன். 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். 2017-ல் வெளியான ஆஸ்ப்ரே என்ற ஆஸ்பிரின் ஆய்வில், 37 வாரத்துக்குள் பிரசவம் பார்க்க வைக்கும் வகை ப்ரீ-எக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. டாக்டர் சொல்லாமல் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், ப்ளீஸ்.

உப்பை அடியோடு நிறுத்தச் சொன்ன தோழிகளுக்கு: அது இதைத் தடுப்பதில்லை.

வீட்டிலேயே பிரஷர் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கை நெஞ்சு மட்டத்தில். 140/90 தொட்டால் உடனே போன். விடாத தலைவலி, கண்ணில் பளிச்சிடல், விலாவுக்குக் கீழே வலி என்றால் நேராக ஆஸ்பத்திரிதான். பிரசவத்துக்கு அப்புறமும் ஆறு வாரம் வரை வரக்கூடும் என்பதால் அதுவரை மிஷினை எடுத்து வைக்கப்போவதில்லை.