வெள்ளைக் கழிச்சல் என்று நினைத்தேன், ரத்தக் கழிச்சல்

போன ஐப்பசியில் 60 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் விட்டிருந்தேன். 24ஆம் நாள் காலையில் கொட்டகைக்குள் போனால் ஐந்தாறு குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பல்புக்கு அடியில் ஒண்டிக் கிடந்தன. தீவனம் வைத்தது வைத்தபடி இருந்தது. வெள்ளைக் கழிச்சல் என்று நானே முடிவு கட்டி, மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டிக் கொடுத்ததில் ஒன்றரை நாள் போய்விட்டது. எச்சத்தைக் குனிந்து பார்க்கவே இல்லை. மறுநாள் வீட்டில்தான் சொன்னார்கள், "உமி மேல வெத்தலை துப்புன மாதிரி கிடக்குதுங்க." அதற்குள் 4 செத்திருந்தன.

செத்ததில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். டாக்டர் அறுத்துக் காட்டினார். கோழிக்குக் குருட்டுக்குடல் இரண்டு உண்டாம். இரண்டுமே கருஞ்சிவப்பாக உப்பி, உள்ளே ரத்தம் கட்டிக் கிடந்தது. "இது காக்சிடியாங்கிற குடல் ஒட்டுண்ணியால வர்ற ரத்தக் கழிச்சல். வெள்ளைக் கழிச்சல் வைரஸ், அதுக்குத் தடுப்பூசி மட்டும்தான். இதுக்கு மருந்து இருக்கு, நேத்தே வந்திருக்கணும்" என்றார்.

ஆம்ப்ரோலியம் 20 சதவீதப் பொடி எழுதிக் கொடுத்தார். லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம் வீதம் 5 நாள், அப்புறம் கால் பங்காகக் குறைத்து இன்னும் ஒரு வாரம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் கண்ணில் படக்கூடாது. தீவனத்தைத் தொடாத குஞ்சுகூடத் தண்ணீர் குடிக்கும், அதனால்தான் தண்ணீரில். படுத்துவிட்டவற்றுக்கு நான் இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

இதிலும் ஒரு கோளாறு செய்தேன். பாவம், சோர்ந்து கிடக்கிறதே என்று வீட்டில் மீதியிருந்த பி காம்ப்ளெக்ஸ் டானிக்கை அதே தண்ணீரில் ஊற்றினேன். போனில் சொன்னதும் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆம்ப்ரோலியம் வைட்டமின் பி1 போல மாறுவேஷம் போட்ட மாதிரியாம். ஒட்டுண்ணி அதை பி1 என்று நம்பி எடுத்துக்கொண்டு, உள்ளுக்குள் பட்டினி கிடந்து சாகிறது. டானிக்கில் இருக்கும் நிஜ பி1-ஐ நாமே ஊற்றினால் அதற்கு விருந்து வைத்த மாதிரி. டானிக்கை நிறுத்திவிட்டு வைட்டமின் கே மட்டும் கொடுத்தேன். நான்காம் நாள் சிவப்பு நின்றது. மொத்தம் 11 போனது.

எங்கிருந்து வந்தது என்று தேடினால், தண்ணீர்க் குவளை ஒரு பக்கம் சாய்ந்து ஒழுகி அடியில் உமி நசநசவென்று கிடக்கிறது. எச்சத்தோடு விழும் இந்த ஒட்டுண்ணியின் முட்டை உடனே தொற்றாது. ஈரம், சூடு, காற்று மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தயாராகிவிடும். குஞ்சு அதைக் கொத்தி விழுங்கினால் நாலைந்து நாளில் ரத்தம். பல்பும் ஈர உமியுமாக நான்தான் அதை அடைகாத்துக் கொடுத்திருக்கிறேன்.

~

அண்ணா, எங்களுக்கு இரண்டு வருஷம் தொடர்ந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் பினாயில் ஊற்றிக் கழுவினோம். அந்த முட்டையின் ஓடு பினாயிலுக்கெல்லாம் அசையாது என்று பிறகுதான் தெரிந்தது. பழைய உமியை முழுக்க வாரிப்போட்டு, தரையை பிளேம் கன்னால் (நெருப்பு பீய்ச்சும் கருவி) வாட்டி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் அடுத்த குஞ்சுகளை விட்டோம். பெரிய கோழிகளையும் பிரித்து அடைத்தோம். பார்க்க ஆரோக்கியமாக இருந்துகொண்டே எச்சத்தில் ஒட்டுண்ணி முட்டையை விடுவது அவைதான்.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துக் கொடுத்து எங்களுக்கு அதுவும் கேட்காமல் போனது. டாக்டரைக் கேட்டு டோல்ட்ராசுரில் 2.5 சதவீத மருந்துக்கு மாறினோம், லிட்டருக்கு 1 மில்லி, 2 நாள். முட்டையிடும் கோழிக்கு இதைக் கொடுக்காதீர்கள், முட்டையில் மருந்து இறங்கும்.

~

நாங்கள் குஞ்சுகளைத் தாய்க்கோழியோடு மேயவிடுகிறோம். காய்ந்த தரையில் அந்த ஒட்டுண்ணி முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக் கொத்தி அவற்றுக்கு எதிர்ப்பு வந்துவிடும். ஆனால் கோழிக்கு மட்டும் இந்த ஒட்டுண்ணியில் முக்கியமாக 7 வகை, ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றுக்குச் செல்லாது. போன மழையில் தாயோடு திரிந்த 9 குஞ்சுகளில் 3 ரத்தமாகக் கழிந்தன. பக்கத்தில் கட்டிய ஆட்டுக்குட்டிக்கு ஒட்டுமோ என்று அம்மா பயந்தார். கோழியுடையது கோழிக்கு மட்டும்தான், ஆட்டுக்கு வருவது வேறு வகை.

~

தம்பி, பிளேம் கன்னுக்கு நன்றி, இங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. இந்தத் தடவை குவளையைச் செங்கல் மேல் ஏற்றி, கீழே கம்பி வலை போட்டிருக்கிறேன். காலையில் ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். உருண்டை பிடித்தால் அந்த இடத்தை அள்ளி வெளியே கொட்டிவிடுகிறேன். இன்றைக்கு 31ஆம் நாள், புதிதாக விட்ட 50-ம் ஓடுகின்றன.