பின் சப்ஃபிரேம் புஷ் (பின் ஃபிரேமைப் பாடியோடு இணைக்கும் ரப்பர் உருளை) மாற்றியவர்கள் இருக்கிறீர்களா?

முத்தியால்பேட்டை டீசல்:
2010 மாடல் பிஎம்டபிள்யூ 320டி. கன்னியக்கோயில் தாண்டிக் கடலூர் சாலையில் ஒரு கரும்பு டிராக்டரை முந்திவிட்டு இடது பக்கம் ஒதுங்கினேன். முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டது. பின்பக்கம் சற்றுத் தாமதித்து, ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வந்து சேர்ந்தது. வேகம் எண்பதுகூட இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தவர் மரப்பாலம் வரும்வரை விடவில்லை.

முதலில் காட்டிய பட்டறையில், "ரன்ஃபிளாட் டயர்னா அப்படித்தான் சார்" என்று, காற்று இறங்கினாலும் ஓடும் அந்த டயரை மாற்ற வைத்தார்கள். அடுத்த இடத்தில் அலைன்மென்ட். அச்சிட்டுக் கொடுத்த தாளில் எல்லாமே பச்சை. பச்சையாகத்தானே இருக்கும்? நிற்கிற வண்டியில் அளக்கிறார்கள். ஃபிரேம் நகர்வது வளைவில் பாரம் விழும்போது.

கடைசியில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பழகும் தம்பி, வண்டியை லிஃப்டில் ஏற்றி, சப்ஃபிரேமுக்கும் பாடிக்கும் நடுவே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். அச்சு, டிஃப்ரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) எல்லாவற்றையும் சுமந்திருக்கிற அந்த ஃபிரேம் மொத்தமாக நகர்ந்தது. நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. நான்கு புஷ்ஷும் மாற்றியாயிற்று, கம்பெனி ரப்பரே. இப்போது அதே சாலையில் பின்பக்கம் கூடவே வருகிறது. டயருக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

திருப்பாதிரிப்புலியூர் ஸ்விஃப்ட்:
எனக்கும் இதே கதைதான் அண்ணா, ஸ்விஃப்டில். ஸ்பீட் பிரேக்கரில் பின்னால் 'டொக்'. ஷாக் அப்சார்பர் மாற்றியும் போகவில்லை. சப்ஃபிரேம் புஷ்தான் போயிருந்தது. பழையதைத் தட்டியதும் நடு ரப்பர் மட்டும் கையோடு வந்துவிட்டது, வெளி இரும்பு வளையம் உள்ளேயே இறுகிக்கொண்டது. நமக்குத்தான் கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, உப்புக் காற்றில் இரண்டு இரும்பும் ஒன்றாகிவிட்டிருந்தன. மெக்கானிக் ஆக்சா பிளேடை வளையத்துக்குள் விட்டு அறுத்து எடுக்கிறேன் என்றார். அறுத்த கோடு அச்சின் இரும்பைத் தொட்டுவிடுமோ என்று அவர் நிறுத்தி நிறுத்தி விரலால் தடவிப் பார்த்தார் பாருங்கள், அந்த அரை மணி நேரம் எனக்குத் தேநீர்கூட இறங்கவில்லை.

முத்தியால்பேட்டை டீசல்:
தம்பி, ஸ்விஃப்டில் பின் சப்ஃபிரேம் கிடையாது. உங்களுடையது டார்ஷன் பீம். ஒரே அச்சு, முன் முனையில் இரண்டு பெரிய புஷ், அவ்வளவுதான். அது தளர்ந்தால் அச்சு முழுவதும் லேசாகக் கோணி, பின் சக்கரங்களும் தாமாகவே கொஞ்சம் திரும்பும். தொந்தரவு கிட்டத்தட்ட ஒன்றுதான், வேலை வேறு. எனக்கு எக்ஸாஸ்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் (பின் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டு) எல்லாம் கழற்றி ஃபிரேமை இறக்க வேண்டியிருந்தது.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்விஃப்ட்:
சரி அண்ணா, அச்சு புஷ். வயிறு எரிந்தது ஒன்றுதானே.

லாஸ்பேட்டை பாலி:
கம்பெனி ரப்பரையே திரும்பப் போட்டதுதான் எனக்குப் புரியவில்லை. இ90 (உங்கள் 320டி தலைமுறை) வண்டியின் அந்த புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே வெற்றிடங்கள் விட்டிருக்கிறார்கள், சொகுசுக்காக. புதிதாக இருக்கும்போதே நசுங்கும். நான் அந்த வெற்றிடத்தை அடைக்கும் பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக், சுருக்கமாகப் பாலி) துண்டுகளைச் செருகினேன். பழைய புஷ்ஷைப் பிடுங்க வேண்டியதே இல்லை. வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி உடனே பதில் சொல்கிறது.

ஒன்றே ஒன்று. சிதம்பரம் போகும்போது பின் சீட்டில் அம்மா, "என்னடா, வண்டிக்குள்ள யாரோ சீழ்க்கை அடிக்கிறாங்க?" என்றார். டிஃப்ரன்ஷியல் சத்தம். அது அந்த ஃபிரேமில்தானே தொங்குகிறது, ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த சத்தத்தைப் பாலி உள்ளே அனுப்பிவிட்டது. எனக்குப் பழகிவிட்டது. அம்மா இப்போது பஸ்ஸில் போகிறார்.

நெல்லிக்குப்பம் ஓய்வு:
என் கதை சின்னது. பழைய ஜெர்மன் வண்டி, புஷ் மாற்றிய ஆறே மாதத்தில் மறுபடி கிழிந்தது. அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். வண்டி லிஃப்டில் தொங்கும்போது போல்ட்டை இறுதியாக இறுக்கக் கூடாது. ரப்பர் உள் வளையத்தோடும் வெளி வளையத்தோடும் ஒட்டியே இருக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், சக்கரம் தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், எப்போதும் முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். ஹப்புக்கு (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) அடியில் ஜாக்கி கொடுத்து, தரையில் நிற்கும் உயரத்துக்குத் தூக்கிய பிறகே டார்க் வைத்து (குறித்த அளவுக்கு) இறுக்குங்கள். ஏற்றும்போது கிரீஸ், என்ஜின் ஆயில் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். வெற்றிடம் உள்ள புஷ் என்றால் எந்தத் திசையில் இருந்தது என்று கழற்றும் முன்பே ஃபிரேமில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திசை மாறினால் முன்பின் இருக்க வேண்டிய இளக்கம் பக்கவாட்டில் வந்துவிடும், காசு கொடுத்து ஆட்டத்தை வாங்கியது போல. வேலை முடிந்ததும் அலைன்மென்ட், நான்கு சக்கரத்துக்கும். முன்பக்கம் மட்டும் பார்த்து அனுப்பும் கடைக்குப் போகாதீர்கள். இளைஞர்கள் பாலி பாலி என்கிறீர்கள். நம்மூர்ச் சாலையில் அந்த அதிர்ச்சி எங்கே போகும்? பாடித் தகட்டுக்குத்தான் போகும். இ90க்கு முந்தைய இ46 தலைமுறை பிஎம்டபிள்யூ வண்டிகளில் சப்ஃபிரேம் பூட்டும் இடத்திலேயே தகடு கிழிந்தது உலகத்துக்கே தெரியும்.

லாஸ்பேட்டை பாலி:
ஐயா, இ46 தகடு கிழிந்தது கம்பெனி ரப்பரோடுதான். பாலி மேல் பழி போடாதீர்கள்.

முத்தியால்பேட்டை டீசல்:
நீங்கள் சொன்ன ஜாக்கி விஷயம் லிங்க் புஷ்ஷுக்கு (சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கைகளில் உள்ளது) பொருந்தும் ஐயா. கை மேலும் கீழும் சுழல்வதால்தான் ரப்பர் முறுக்கும். சப்ஃபிரேம் புஷ் சுழலுவதே இல்லை, ஃபிரேம் பாடியோடு அப்படியே நிற்கிறது. திசை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. லாஸ்பேட்டை தம்பிக்கு: சத்தம் பொறுக்கவில்லை என்றால் அதே தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3யின் ரப்பர் புஷ் இதில் பொருந்துகிறது, அதில் ரப்பர் கெட்டி. எனக்கு அது கிடைக்கக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

அரியாங்குப்பம் புதுசு:
எல்லாம் படித்தேன். எனக்கு அந்தக் கடப்பாரை சோதனை மட்டும் போதும். நாளைக்கே செய்து பார்க்கலாமா? எங்கே கொடுத்து நெம்ப வேண்டும்?

முத்தியால்பேட்டை டீசல்:
புஷ்ஷுக்குப் பக்கத்தில், ஃபிரேமுக்கும் பாடியின் கெட்டியான பாகத்துக்கும் நடுவில். வெறும் தரைத் தகட்டில் கொடுத்தால் பள்ளம் விழும். பிரேக் குழாயும் அங்கேதான் ஓடுகிறது, பார்த்து. வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் மட்டும் படுக்காதே.