ஜான் கென்ட்ரிக்: மாடு ஓட்டி வந்தவர் செனட்டர் ஆனது எப்படி?

மதுரை வாசகி:
1920-கள்ல அமெரிக்காவில் நடந்த டீபாட் டோம் எண்ணெய் வயல் ஊழல் பத்திப் படிச்சுக்கிட்டிருக்கேன். அதை முதல்ல செனட்டில் கிளப்பினவர் வயோமிங்கைச் சேர்ந்த ஜான் கென்ட்ரிக்னு ஒரே ஒரு வரி. உடனே விசாரணை நடத்தின தாமஸ் வால்ஷுக்குத் தாவிடறாங்க. கென்ட்ரிக் மாட்டுப்பண்ணைக்காரராமே? தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவாச் சொல்லுங்களேன்.

டென்வர் முருகேசன்:
போன கோடையில் வயோமிங்ல இருக்கிற ஷெரிடன் ஊருக்குப் போய் அவர் வீட்டைப் பார்த்துட்டு வந்தேங்க. 'டிரெயில் எண்ட்'னு பேரு, 1913-ல் கட்டி முடிச்சது. மாட்டுமந்தை ஓட்டிப் போற தடத்துக்குத்தான் அங்கே டிரெயில்னு பேரு. அந்தத் தடம் முடியற இடம்தான் வீடு. மேல்மாடியில் மரத்தளம் போட்ட நடனக்கூடம். அதுல நின்னப்போ எனக்கு அவர் கிளம்பின இடம்தான் மனசுல ஓடுச்சு.

1857-ல் டெக்சாஸில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா அம்மா போயிட்டாங்க, படிப்பும் பாதியில் நின்னுடுச்சு. 1879-ல், 21 வயசுல, கூலிக்கு மந்தை ஓட்டிக்கிட்டு டெக்சாஸிலிருந்து வயோமிங் வந்தார். மாசக்கணக்கா குதிரை மேலேயே பயணம். வந்த கூலியை மாடாக்கி, மாட்டை நிலமாக்கி, கடைசியில் வயோமிங்லயும் மொன்டானாவிலயும் சேர்த்து 2 லட்சம் ஏக்கருக்கு மேல. முதலாளி மகள் யூலாவை 1891-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டார். 1915-ல் கவர்னர், 1917-லிருந்து 1933-ல் சாகறவரைக்கும் செனட்டர்.

டீபாட் டோம் வயோமிங்கில் இருக்கிற எண்ணெய் வயல், கடற்படைக்குன்னு ஒதுக்கி வெச்சது. அரசு நிலங்களைப் பார்த்துக்கிற இன்டீரியர் துறையோட அமைச்சர் ஆல்பர்ட் ஃபால் ஏலமே விடாம அதை எண்ணெய் முதலாளி ஹாரி சிங்க்ளேருக்குக் குத்தகைக்குக் கொடுத்துட்டார். ஊர்க்காரங்க கென்ட்ரிக்கிட்ட கேட்டாங்க. 1922 ஏப்ரல் 15-ல் அவர் செனட்டில் தீர்மானம் கொண்டுவந்து, குத்தகை விவரம் என்னன்னு அரசாங்கத்தைக் கேட்டார். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான் வெளியே வந்தது.

மதுரை வாசகி:
ரொம்ப நன்றிங்க. ஆனா ஃபாலும் பண்ணைக்காரர்தானே? செனட்டராவும் இருந்திருக்காரே?

டென்வர் முருகேசன்:
ஆமாங்க, அதுதான் என்னை ரொம்ப நாளா உறுத்துது. நியூ மெக்சிகோவில் திரீ ரிவர்ஸ்னு பண்ணை. வருஷக்கணக்கா வரி பாக்கி. அதுக்கு வர்ற ஓடைத் தண்ணி தொடங்கற இடம் பக்கத்துப் பண்ணையில் இருந்தது. அந்தப் பண்ணையை வாங்கியே தீரணும்னு நின்னார். 1921 நவம்பரில், ஃபால்கிட்ட பிற்பாடு கடற்படை எண்ணெய் வயல் குத்தகை வாங்கின இன்னொரு எண்ணெய் முதலாளி எட்வர்ட் டோஹெனியோட மகன் கறுப்புப் பையில் 1 லட்சம் டாலர் ரொக்கமா கொண்டுவந்து கொடுத்தான். சிங்க்ளேர் பங்குக்கு 6 கிடேரி, ஒரு இளங்காளை, பன்றிங்க அனுப்பினார்.

எங்க தாத்தா மாடு வெச்சிருந்தவர். தொழுவத்துல புதுசா ஒரு மாடு நின்னா, சாயங்காலத்துக்குள்ள ஊரே விலை விசாரிக்கும். ஃபாலுக்கும் அதேதான் நடந்தது. சரிஞ்சு கிடந்த பண்ணையில் புது வேலி, நல்ல ரோடுன்னு ஒரு பத்திரிகை ஆசிரியர் விசாரணையில் வந்து சொன்னார். 1931-ல் ஃபால் ஜெயிலுக்குப் போனார். அமைச்சரா இருந்து செஞ்ச குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போன முதல் அமெரிக்கர் அவர்தான்.

அந்த 1 லட்சம் கடன்னுதான் கடைசிவரை சொன்னாங்க. அந்தக் கடனுக்காகவே பிற்பாடு டோஹெனியோட கம்பெனி பண்ணையை எடுத்துக்கிச்சு.