பாப் ஆர்ட் பிறந்தது லண்டனிலா, நியூயார்க்கிலா?

கரித்துண்டு:
விளம்பரம், காமிக்ஸ், கடைச் சரக்கு போன்றவற்றையே கலையாக்கும் பாப் ஆர்ட் என்றதும் எல்லோரும் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் சூப் டப்பாவைத்தான் நீட்டுகிறார்கள். பிரிட்டன் கலைஞர் எடுவார்டோ பாவ்லோட்சி 1947-லேயே அமெரிக்கப் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டினார். அவற்றில் ஒன்றில், துப்பாக்கிப் புகைக்குள் 'பாப்' என்ற சொல்லே இருக்கிறது. 1956-ல் லண்டன் வைட்சாப்பல் காலரிக் கண்காட்சிக்காக பிரிட்டிஷ் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் செய்த படத்தில் பயில்வான் கையில் மிட்டாய். அதிலும் அதே சொல். அப்போது வார்ஹோல் நியூயார்க்கில் செருப்பு விளம்பரம் வரைந்துகொண்டிருந்தார்!

செம்மண்:
வெட்டி ஒட்டியதெல்லாம் பாப் ஆர்ட் என்றால், பெர்லினில் ஓவியர் ஹன்னா ஹோக் முதல் உலகப்போர் முடிந்த கையோடு அதைச் செய்துவிட்டாரே, பட்டத்தை அவருக்கே கொடுத்துவிடலாமா? பிரிட்டனில் உணவுப் பங்கீடு முடிந்ததே 1954-ல்தான். பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்றவர்கள் அமெரிக்க வீட்டின் குளிர்பதனப் பெட்டியை எட்டிப் பார்த்து ஏங்கிய படங்கள் அவை. அமெரிக்கர்களிடம் அந்த ஏக்கம் இல்லை. 1962-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபெரஸ் காலரியில் 32 சூப் வகைகளுக்கு வார்ஹோலின் 32 ஓவியங்கள். புகழவும் இல்லை, கேலியும் இல்லை. உணர்ச்சியே காட்டாத அந்த முகம்தான் புதிது.

கரித்துண்டு:
எட்டிப் பார்ப்பவன் கண்ணுக்குத்தான் எல்லாம் துலங்கும், நண்பரே. மலிவு, இளமை, குறும்பு, கவர்ச்சி, பெருவணிகம், சீக்கிரம் தூக்கியெறியப்படுவது என்று பாப் ஆர்ட்டின் குணங்களை 1957 ஜனவரியில் ஹாமில்டன் ஒரு கடிதத்தில் அடுக்கிவிட்டார். சூப் டப்பா வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது.

செம்மண்:
அந்தக் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். அவர் சொல்வது ஓவியத்தை அல்ல. சினிமா, விளம்பரம் போன்ற வெகுமக்கள் சரக்கை. விமர்சகர் லாரன்ஸ் அலோவேயும் முதலில் அந்தப் பொருளில்தான் சொன்னார்.

அச்சுக்கூடம்:
இருவரும் மன்னிக்க வேண்டும். வலைத்துணி வழியே மையைத் தள்ளி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங்கை இருபது வருடம் செய்தவன் நான். அந்த 32 டப்பாக்களை அச்சில் எடுத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கையால் வரைந்தவை அவை. ஸ்கிரீனை அதே ஆண்டு பிற்பாடுதான் பிடித்தார். மர்லின் மன்றோவின் 50 முகங்கள் கொண்ட இரட்டை ஓவியத்தில் வலப்பாதியைப் பாருங்கள்: ஓரிடத்தில் மை அப்பி முகம் கறுத்திருக்கிறது, கடைசியில் வெளிறி மறைகிறது. வலை அடைத்துக்கொண்டாலோ மை குறைந்தாலோ இப்படித்தான் விழும். கல்யாணப் பத்திரிகை அப்படி விழுந்தால் நாங்கள் கழிவில் போட்டுவிட்டு வேறு அடிப்போம். அவர் அதையே வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் பாப் ஆர்ட் அங்கேதான் இருக்கிறது, ஊரில் இல்லை.

ஆனால் அமெரிக்க பாப் ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைனை மட்டும் என் மனம் ஏற்கவில்லை. 1963-ல் அவர் வரைந்த போர் விமானப் படத்துக்கு மூலம், இர்வ் நோவிக் வரைந்த காமிக்ஸ் கட்டம். புகழ் யாருக்குப் போனது?

செம்மண்:
கட்டத்தை அப்படியே பெயர்க்கவில்லை ஐயா, அமைப்பை மாற்றி நான்கு மீட்டர் அகலத்துக்கு விரித்தார். ஆனாலும் நோவிக்கின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அதில் உங்கள் பக்கம்தான்.

கரித்துண்டு:
கடிதத்தை மீண்டும் படித்தேன். செம்மண் சொன்னது சரி, அது ஓவியத்தைப் பற்றியதல்ல. ஆனால் அதை எழுதி முடித்த ஹாமில்டன், அந்தக் குணங்களை ஓவியத்தில் கொண்டுவர முயன்று அதே ஆண்டு அமெரிக்கக் கார்களை வரையத் தொடங்கினார். 1957 என்பதை நான் விடுவதாக இல்லை.