வயிறு உப்பின பிள்ளைக்குப் போனில் பூச்சி மருந்து சொல்லாதீர்கள்

அன்பான மலையகத் தோட்டத்து உறவுகளுக்கு வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன்.

குவைத், டுபாய், லண்டன், கோயம்புத்தூர், கூடலூர் என்று எங்கே இருந்தாலும் நம்மில் பலரும் ஒன்றைச் செய்கிறோம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளைக்கு வயிற்றுவலி என்று போன் வந்தால், "பூச்சியாத்தான் இருக்கும், கடையில மருந்து வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு அந்த மருந்து நல்லதுதான். ஆனால் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வெளிக்கும் போகாமல், காற்றும் பிரியாமல் சுருண்டு கிடக்கிற பிள்ளைக்கு அதே மருந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தைப்பொங்கலுக்குத் தோட்டத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்த ஒரு பாட்டி, கூடவே ஐந்து வயதுப் பேரனையும் கூட்டிவந்திருந்தார். பிள்ளையின் அம்மா குவைத்தில். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். பிள்ளைக்கு விட்டு விட்டு வலி. அம்மா போனில் சொன்னபடி மாமா பக்கத்து மருந்துக் கடையில் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தார். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கடையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரி வாந்தி பச்சையாக வர ஆரம்பித்தது. விடிவதற்குள் 1990 ஐ அழைத்து, அம்புலன்சில் பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். பாட்டிக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய், கையில் சேலைன், வாய்க்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. குழாயின் நுனியில் கட்டியிருந்த பையில் பச்சைத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர், "வாயால புழு ஏதாவது வந்ததா?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டதும் பாட்டி தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாய் திறந்தார்: "தோட்டத்துலயே ஒண்ணு வந்துச்சு. மண்ணப் போட்டு மூடிட்டேன். புள்ளயச் சுத்தமா வச்சுக்கலன்னு மக நெனைச்சுக்குமேன்னு யாருக்கும் சொல்லல."

இந்த வெட்கம் மருந்தைவிடக் கெடுதி. வாயாலோ மலத்தோடோ ஒரு புழு வந்திருந்தால் அதை முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நோயை அடையாளம் காண அதைவிட நல்ல துப்பு இல்லை. நீங்களும் போனில் பாட்டிமாரை அதட்டாமல் கேளுங்கள்.

நாம் நாக்குப்பூச்சி என்று சொல்கிற வட்டப்புழு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகக்கூட, 35 சென்ரிமீற்றர் வரை வளரும். ஒன்றிரண்டு இருந்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. நிறையச் சேர்ந்தால் சிக்கல் விழுந்த நூல்கண்டு போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற இடம் ஒடுக்கம். சின்னப் பிள்ளைக்கு இன்னும் ஒடுக்கம். பெரும்பாலும் அங்கேதான் அடைக்கும். பாதி அடைபட்ட நேரத்தில் பூச்சி மருந்து உள்ளே போனால், புழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விறைத்தோ செத்தோ அந்த இடத்தில் குவிந்து, இருந்த வழியும் மூடிக்கொள்ளும். அதனால்தான் அடைப்பு விலகும் வரை டாக்டர்மார் பொதுவாக அந்தப் பூச்சிக் குளிசையை (மாத்திரையை) கொடுக்க மாட்டார்கள். பேதி மருந்து, விளக்கெண்ணெய் எதுவும் வீட்டில் கொடுக்கக் கூடாது.

குடலுக்கு ஓய்வு கொடுத்துக் காத்திருந்தாலே பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடைப்பு தானாக விலகிவிடும். குடல் முறுக்கிக்கொண்டாலோ, அழுகினாலோ, ஓட்டை விழுந்தாலோ உடனே ஒப்பரேஷன்தான். நேரம் போனால் பிள்ளை தப்பாது. நர்ஸ் ஒவ்வொரு தடவை வந்தபோதும் முதலில் கேட்டது, காற்றுப் பிரிந்ததா என்றுதான். கடைசியில் பிரிந்தது. ஒப்பரேஷன் தேவைப்படவில்லை. பிறகு மலத்தோடு புழுக்கள் வந்தன. குளிசை அதற்கப்புறம்தான் கொடுத்தார்கள்.

வீட்டில் மற்றப் பிள்ளைகளை அவனோடு விளையாட விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். அது தேவையில்லாத பயம். ஒரு பெண் புழு நாளுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டை போடும் என்பது உண்மை. ஆனால் மலத்தோடு வெளியே வரும் முட்டை ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். தொட்டால் ஒட்டாது. முதிர்ந்த முட்டை விரல் நகத்திலோ கழுவாத கீரையிலோ ஒட்டி வாய்க்குள் போனால், குஞ்சு குடலைத் துளைத்து, ஈரல், நுரையீரல் எல்லாம் சுற்றி, தொண்டைக்கு ஏறி விழுங்கப்பட்டு, மறுபடி குடலுக்கே வந்து வளரும். அது முட்டை போடும் அளவுக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். நிழலும் ஈரமும் உள்ள நம் லயத்து வாசல் மண்ணில் முட்டை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குளிசை புழுவைக் கொல்லும், மண்ணில் கிடக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது.

2017 இல் பாடசாலைப் பிள்ளைகளிடம் இலங்கை முழுக்க நடத்திய ஆய்வில் இப்படி மண்ணிலிருந்து தொற்றும் குடற்புழுக்கள் மொத்தத்தில் ஏறத்தாழ 1 சதவீதப் பிள்ளைகளிடம்தான் இருந்தன. தோட்டப்பகுதிப் பிள்ளைகளிடம் ஏறத்தாழ 9 சதவீதம். அந்த வித்தியாசம் பாட்டிமார் பிள்ளை வளர்ப்பதில் இல்லை. பல குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், அதுவும் கதவில்லாமல், தண்ணீருக்குப் பொதுப் பீலிக்கரைக்கு (தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) நடை என்று வைத்திருந்தால் பிள்ளை வேறெங்கே ஒதுங்கும்? இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறெரிகிறது.

பிள்ளை சுகமாக இருக்கும்போது, ஒரு வயதுக்கு மேல், கிளினிக்கில் மிட்வைஃபிடம் கேட்டுப் பூச்சிக் குளிசை கொடுக்கச் சொல்லுங்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் அல்லது மெபெண்டசோல் 500, ஒரே வேளை. இரண்டு வயதுக்குக் கீழே அல்பெண்டசோல் பாதி அளவுதான். பாடசாலையில் கொடுக்கும் குளிசையைப் "பிள்ளைக்குச் சூடு" என்று சொல்லித் தடுக்காதீர்கள்.

நம் தோட்டத்து உறவுகள் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. இந்த வருடத் திருவிழாக் கணக்கில் மிஞ்சும் பணத்தில் தோட்டத்துப் பிள்ளைமடுவத்துக்கு (வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடத்துக்கு) ஒரு தண்ணீர்த் தாங்கியும் கைகழுவக் குழாயும் போடுவோம். அதோடு பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் தனியாக உட்காரக்கூடிய உயரத்தில் ஒரு கக்கூஸ். தலைவரும் பொருளாளரும் அடுத்த கூட்டத்தில் இதை எடுக்க வேண்டும். சம்மதம் உள்ளவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.

தோட்டத்திலிருந்து யாராவது பிள்ளையைப் பொரளைக்குக் கொண்டுவந்தால், மொழி பேச ஆள் இல்லையென்றால், எந்த நேரமும் எனக்குச் செய்தி அனுப்புங்கள், வந்து நிற்கிறேன்.