முதல் அசெம்பிள்: ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரல (அனுபவப் பகிர்வு)

சிந்தாதிரிப்பேட்டை:

பூட்டி முடித்துப் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று நிற்கும். முதன்முறை பிசி பூட்டுகிறவர்கள் அதிகம் கொண்டுவரும் கேஸ் இதுதான். மதர்போர்டு போச்சு என்று கடைக்கு ஓடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவரவர் கையில் வந்த கேஸ்களை இங்கே போடுங்கள். கதையைச் சுருக்கி, காரணத்தை விரிவாக எழுதினால் புதியவர்களுக்கு உதவும்.

பேச்சுக்கு ஒரு செட்டை வைத்துக்கொள்வோம்: ரைசன் 5 7600 ப்ராசசர், பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் (சின்ன அளவு) போர்டு, 16 ஜிபி டிடிஆர்5-6000 ரேம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ டிஸ்க், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை).

நான் சொல்வது ஒன்றுதான். கேபினெட்டில் ஏற்றுவதற்கு முன் வெளியே வைத்து ஒருமுறை ஓட்டிவிடுங்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வையுங்கள். அது சுற்றி வந்த வெள்ளிநிறப் பையின் மேல் வேண்டாம், அதில் உலோகப் பூச்சு உண்டு. ப்ராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 24 பின், ப்ராசசருக்கான 8 பின். இவ்வளவு போதும். 7600க்கு உள்ளேயே சின்னதாக கிராபிக்ஸ் இருப்பதால் மானிட்டரை போர்டின் எச்டிஎம்ஐயில் செருகலாம். பவர் சுவிட்ச்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகிவிடும்.

இப்போதுதான் பலர் அவசரப்படுவது. ஏஎம்5 (7600 உட்காரும் சாக்கெட் வகை) போர்டில் முதல் தடவை ஆன் செய்யும்போது ரேமுக்கு ‘டிரெய்னிங்’ நடக்கும். ஒவ்வொரு லைனுக்கும் எந்த டைமிங் ஒத்துவரும் என்று போர்டு சோதித்துக்கொண்டிருக்கும். திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் ‘டிராம்’ என்று எழுதிய எல்இடி எரியும். சில நிமிடம் ஆகும், சில போர்டுகளில் பத்து நிமிடத்தைத் தாண்டும். நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆஃப் செய்து ஆஃப் செய்து ‘டெட் போர்டு’ என்று முடிவுகட்டிய கேஸ்கள் ஏராளம். பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பழைய ஸ்க்ரூடிரைவர்:

அண்ணன் சொன்னதோடு நான்கைந்து சேர்க்கிறேன்.

ப்ராசசருக்கான 8 பின்னை மறப்பது அல்லது மாற்றிச் செருகுவது. போர்டின் இடது மேல் மூலையில் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு வகை 8 பின் வரும். நான்கும் நான்குமாகப் பிரிவது ப்ராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் வரிசையில் வரும். பின்களின் வடிவம் வேறு என்பதால் சாதாரணமாக நுழையாது. நுழையாததை அழுத்தி நுழைக்கிறவர்களுக்குத்தான் ஷார்ட் ஆகும்.

ரேம் இரண்டு என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். போர்டில் ஏ2, பி2 என்று போட்டிருக்கும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ போட்டால் இரண்டும் ஒரே சேனலில் (ப்ராசசருக்குப் போகும் ஒரே பாதையில்) போய் வேகம் குறையும், சில நேரம் பிசி ஸ்டார்ட்டே ஆகாது. பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் உண்டு. அந்தப் பக்கம் ‘டிக்’ கேட்டதும் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள், மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கியிருக்கும். இரண்டு கட்டைவிரலையும் இரண்டு முனையில் வைத்து அழுத்துங்கள். பயப்படும் அளவுக்கு பலம் தேவைப்படும்.

ஸ்டாண்ட்ஆஃப். பித்தளை நட்டு மாதிரி கேபினெட்டில் நின்றுகொண்டிருக்குமே, அது. முழு ஏடிஎக்ஸ் போர்டுக்கு ஏற்றபடி கம்பெனியிலேயே பொருத்தி வரும். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் அந்த இடத்தில் ஓட்டை இல்லாவிட்டால், அது போர்டின் பின்பக்க சால்டரைத் தொடும். வெளியே ஓடிய போர்டு கேபினெட்டில் ஏற்றியதும் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. உபரியாக இருப்பதைக் கழற்றிவிடுங்கள். போர்டின் ஓட்டைக்கு நேராக ஒன்று இல்லாவிட்டால் கழற்றியதை அங்கே போடுங்கள்.

சாக்கெட். ஏஎம்5ல் 1718 பின்னும் போர்டுப் பக்கம் இருக்கிறது, ப்ராசசரின் அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். மூலையிலுள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல், வைத்தால் போதும். லீவரை இறக்கும்போது நல்ல டைட்டாக இருக்கும், கரகரவென்று சத்தம் வரும், கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறிக்கும். எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது.

பேஸ்ட் (ப்ராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்துவது): ப்ராசசர் பெட்டியோடு வரும் ரெயித் ஸ்டெல்த் கூலரின் அடியில் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலே வேறு வேண்டாம். தனியாக வாங்கிய கூலர் என்றால் நடுவில் ஒரு துவரை அளவு. அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தால் ஆன் செய்த ஒரு நிமிடத்தில் 95 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டு நிற்கும். எம்.2 ஹீட்சிங்க்கின் (என்விஎம்இ டிஸ்க்கை மூடும் உலோகத் தகட்டின்) அடியிலும் அதே மாதிரி தாள் உண்டு.

புதுசு_2:

சார், எர்த் பெல்ட் கையில் கட்டாமல் தொட்டால் ரேம் போய்விடும் என்கிறார்களே? கேபினெட்டைத் தொட்டால் வேறு லேசாக ஷாக் அடிக்கிறது.

எர்த்_வயர்:

இரண்டும் வேறு வேறு விஷயம் தம்பி.

ஸ்டாடிக்குக்கு பெல்ட் நல்லது, கட்டாயம் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸை கேபினெட்டில் முடுக்கி, 3 பின் பிளக்கைச் செருகி, சுவரிலும் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னாலும் சுவிட்சை ஆஃபில் வையுங்கள். சுவிட்ச் ஃபேஸைத்தான் துண்டிக்கும், எர்த் தொடர்பு அப்படியே இருக்கும். பெயின்ட் இல்லாத இடத்தில் கேபினெட்டை அவ்வப்போது தொட்டுக்கொண்டால் போதும். நைலான் சட்டை, கம்பளி விரிப்பு இரண்டையும் தவிர்க்கவும்.

ஷாக் அடிப்பதுதான் கவனிக்க வேண்டியது. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவில் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸுக்கும் பாடிக்கும் இடையில் ஒரு கெப்பாசிட்டர், நியூட்ரலுக்கும் பாடிக்கும் இடையில் அதே அளவில் இன்னொன்று இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230ன் பாதியில், ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். கரண்ட் மிகக் குறைவு, ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கேபிளைச் செருகிப் பிடுங்கினால் எச்டிஎம்ஐ போர்ட் போக வாய்ப்பு உண்டு. எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று மாற்றினாலும் புதிதும் அப்படியேதான் அடிக்கும்.

மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. வேறு மாதிரி காட்டினால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். 3 பின்னை 2 பின்னாக்கும் அடாப்டர் போட்டிருந்தால் அதை முதலில் தூக்கிப் போடுங்கள்.

பழைய ஸ்க்ரூடிரைவர்:

பிளக்கைச் செருகி வைத்து வேலை செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பார்கள், ஆஃப் செய்தாலும் ஃபேஸ் வந்துகொண்டிருக்கும். வேலையில் ஊறியவர் செய்யலாம், புதியவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எர்த் உள்ள ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

எர்த்_வயர்:

சரிதான், வயரிங் சோதிக்காத வீட்டில் பிடுங்கிவிடுவதே மேல்.

கரண்ட் பேச்சு வந்ததால் இன்னொன்று. 600 விஏ யூபிஎஸ் என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மேலே சொன்ன செட்டில் ப்ராசசர் அதிகபட்சம் 88 வாட், கார்டு 115 வாட், மற்றவையும் மானிட்டரும் சேர்ந்தால் 300ஐ நெருங்கும். ஓடும், ஆனால் சேவ் செய்து ஆஃப் செய்ய மட்டும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தால் யூபிஎஸ் மோடில் வைக்க வேண்டும். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியை எஸ்எம்பிஎஸ் 16 மில்லிநொடி அளவுக்குத்தான் தாங்கும், சாதா மோடில் அதைத் தாண்டி பிசி ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ்கள் அதோடு ஒத்துப்போகாமல் மாறும் நேரத்தில் ஆஃப் ஆவதுண்டு.

நீலத்திரை:

டிஸ்பிளே வந்தபின் வரும் கேஸ்கள் என் பக்கம்.

கார்டு போட்ட பிறகும் மானிட்டர் கேபிள் போர்டிலேயே இருப்பது. 7600ல் படம் வரும், கேம் மட்டும் தவழும். காசு போட்டு வாங்கிய கார்டு சும்மா கிடக்கும். ரைசன் 5 5600, 7500எஃப், இன்டெலில் எஃப் என்று முடிபவை எல்லாம் உள் கிராபிக்ஸ் இல்லாதவை. அவற்றில் போர்டு எச்டிஎம்ஐயில் எதுவுமே வராது, சிந்தாதிரிப்பேட்டை சார் சொன்ன வெளிச் சோதனைக்கும் கார்டு வேண்டும்.

6000 ரேம் வாங்கி 4800ல் ஓட்டுகிறவர்கள் பலர். பயாஸில் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரில்) எக்ஸ்போ என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்தால்தான் 6000. ஆன் செய்ததும் மறுபடி டிரெய்னிங் நடக்கும், பொறுக்கவும். நிலைக்காவிட்டால் சிமாஸ் கிளியர் செய்து (பயாஸ் செட்டிங்கை அழித்து) பழைய நிலைக்கு வரலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 8 ஜிபி இரண்டு போட்டு, அப்புறம் இன்னும் இரண்டு சேர்ப்பதும் ஏஎம்5ல் சரிப்படாது. நான்கு ரேம் போட்டால் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600தான். 16 இரண்டாக முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

விண்டோஸ் 11 இன்ஸ்டால் நடுவில் இன்டர்நெட் கேட்டு நிற்கும், பல போர்டுகளின் லேன் டிரைவர் அதில் இருக்காது. போர்டு கம்பெனி தளத்திலிருந்து லேன், வைஃபை டிரைவர்களை இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவிலேயே போட்டு வைத்திருந்தால் பிழைத்தீர்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் டிஸ்பிளே செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் 60ல்தான் இருக்கும்.

ரிச்சி தெரு வாசி:

வாங்கும்போதே தடுக்கக்கூடியவை:

9000 வரிசை ப்ராசசரும் பழைய சரக்கு பி650 போர்டும் சேர்த்து வாங்கினால், போர்டின் பயாஸுக்கு ப்ராசசர் யாரென்றே தெரியாது. டிஸ்பிளே வராது. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்து எடுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் பயாஸ் ஃபைலை, கம்பெனி சொல்லும் பெயருக்கு மாற்றிப் போட்டு, பின்னால் அதற்கென்று இருக்கும் யூஎஸ்பியில் செருக வேண்டும். ப்ராசசரே இல்லாமல், பவர் கேபிள்கள் மட்டும் இருந்தால் அப்டேட் ஆகும். லைட் சிமிட்டி முடியும்வரை கை வைக்கக் கூடாது.

‘டிரே’ ப்ராசசர் (கம்பெனிப் பெட்டி இல்லாமல் வருவது) மலிவாகத் தருவார்கள். பெட்டியில் வருவதற்கு இன்டெலும் ஏஎம்டியும் 3 வருடம் நேரடி வாரண்டி தருகின்றன. டிரேயில் வருவதற்கு விற்ற கடைதான் வாரண்டி. ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். பில்லில் இல்லாவிட்டால் பிறகு சர்வீஸ் சென்டரில் பேசிப் பயனில்லை.

மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ் கேபிளை வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் போடாதீர்கள். போர்டுப் பக்கம் எல்லாம் ஒன்றுதான், எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொரு கம்பெனிக்கும் பின் வரிசை வேறு. சரியாக நுழையும், ஆன் ஆகும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே நொடியில் காலி. இந்தக் கேஸுக்கு வாரண்டியும் கிடையாது.

புதுசு_2:

நன்றி சார்ஸ். சாக்கெட்டிலிருந்து தெறித்த கறுப்பு மூடியைக் குப்பையில் போட்டுவிடலாமா?

ரிச்சி தெரு வாசி:

கூடாது. போர்டை வாரண்டிக்கு அனுப்பினால் அந்த மூடி போட்டுத்தான் அனுப்ப வேண்டும். மூடி இல்லாமல் பின் வளைந்து போய்ச் சேர்ந்தால் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். போர்டுப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைப் பரணில் வையுங்கள்.