பெரியம்மா கண் ரிப்போர்ட் (வீட்டு வாட்ஸ்அப் குழு)

செந்தில்: அம்மாவோட ஸ்கேன் நாலு பக்கமும் போட்டிருக்கேன். கண்ணுல தண்ணி ஊத்துது, ஆஸ்பத்திரியில வறண்ட கண்ணுங்கறாங்க. எப்படிக்கா?

கவிதா: முதல் பக்கம் பாருடா. கீழ் இமை விளிம்புல தேங்குற கண்ணீர்க் கோடு 0.28 மி.மீ. 0.2க்குக் கீழ போனாதான் தண்ணி பத்தலைன்னு சந்தேகப்படணும். தண்ணி இருக்கு, நிக்க மாட்டேங்குது. கண்ணு மேல பரவுற கண்ணீர்ப் படலம் 3.9 நொடியில முதல்ல உடையுது, 10 நொடியாவது தாங்கணும். உடைஞ்ச இடம் காய்ஞ்சு உறுத்தும், உடனே கண்ணு தண்ணியைக் கொட்டும்.

செந்தில்: சாயம் எதுவும் விடலையே?

கவிதா: விடாம எடுத்ததுதான் சரி. கருவிழி மேல ஒளி வளையங்க விழும். ரெண்டு தடவை சிமிட்டிட்டு முழிச்சுப் பார்க்கணும். வளையம் எங்க முதல்ல நெளியுதோ அங்க படலம் உடைஞ்சிருக்கு. ஃப்ளோரசீன் விட்டா அந்தச் சாயமே படலத்தைக் குலைச்சிடும், நொடி குறைச்சலாதான் வரும்.

மணி மாமா: கவிதா, அந்த 3.9ஐ நான் நம்பமாட்டேன். உடைவைக் காட்டுற சிவப்பு கட்டம் மேல்பக்கம், கடிகாரத்துல 12 இருக்குற இடத்துல மட்டும் இருக்கு. அங்க வளையமே முழுசா விழல, மேல் இமை தொங்கி இமை முடியோட நிழல் விழுந்திருக்கு. மெஷின் அதை உடைவுன்னு எண்ணிடுச்சு. எடுத்ததும் ஒரே தடவை. மூணு எடுத்து நடு எண்ணைத்தான் எழுதணும்.

கவிதா: ஆமா மாமா, கவனிக்கல. ஆனா கண்ணீரைக் காயாம காக்குற எண்ணெய்ப் படலம் வீடியோவுல கலரே இல்ல, வெறும் சாம்பல். மழைத்தண்ணியில பெட்ரோல் சிந்தினா வர்ற மாதிரி வண்ணம் ஓடணும். எண்ணெய் மெலிசுதான்.

மணி மாமா: அது சரி. இமையைப் புரட்டி அகச்சிவப்புல எடுத்த படத்தையும் பாரு. வெள்ளைக் கோடு ஒவ்வொண்ணும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி. மேல் இமையில பாதி காணோம், மதிப்பெண் 2. (மூணுல ஒரு பங்குக்குக் குறைச்சலா காணாம போயிருந்தா 1, மூணுல ரெண்டு பங்கைத் தாண்டினா 3.) ஓரத்துல இருக்குற பெரிய வெள்ளைத் திட்டு சுரப்பி இல்ல, ஈரத்துல லைட் பட்ட பளபளப்பு. கீழ் இமையைச் சரியா புரட்டவே இல்ல, அந்த மதிப்பெண்ணை விட்டுடு.

செந்தில்: அப்ப மறுபடி எடுக்கணுமா மாமா?

மணி மாமா: உடைவு நேரமும் கீழ் இமையும் மட்டும். வெள்ளை வெளிச்சத்துல எடுத்தா கண்ணு கூசித் தண்ணி வரும், கண்ணீர்க் கோடும் உசந்துடும். அகச்சிவப்புல எடுக்கச் சொல்லு. ஃபேன் காத்து நேரா முகத்துல படக்கூடாது.

கவிதா: வரிசையும் முக்கியம்டா. முதல்ல கண்ணீர்க் கோடு, அப்புறம் வளையம், எண்ணெய், அதுக்கப்புறம்தான் சாயம். இமையைப் புரட்டுறது கடைசி. முன்னாடியே இமையை அழுத்தினா எண்ணெய் பிதுங்கி வந்துடும், மத்ததெல்லாம் தப்பாயிடும்.

செந்தில்: சனிக்கிழமை 10 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன்.

கவிதா: 8 மணிக்கு மேல சொட்டு மருந்து வேண்டாம். கண் மையும் கூடாது, துகள் மிதந்தா வளையம் நெளியும். மையைப் பத்தி நீயே சொல்லு, நான் சொன்னா பெரியம்மா கேக்க மாட்டாங்க.